கேஸ் கொட்டாயும் கக்குவான் இருமலும்

சேலம்
9-8-1983

அன்பு மகள் சாரதாமணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுத இந்த வயதில் ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லபடியாக இருக்க அந்தக் கோட்டை மாரியம்மன்தான் துணை. நேற்று என் தந்தியைப் பார்த்துப் பதறியிருப்பாய். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, தார்ப் புகை காட்டாதே என்று மட்டும்தான் கொடுத்தேன், காரணத்தைத் தந்தியில் எழுத முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். பேரனுக்குப் பத்து நாளாகக் கக்குவான் இருமல், பிலாயில் உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் ரோடு போடுகிறார்கள், தார் காய்ச்சும் டிரம்முக்குப் பக்கத்தில் தினமும் தூக்கிப் போய் நிற்கிறேன், எனக்கும் அப்பா கேஸ் கொட்டாயில் காட்டித்தானே சரியாயிற்று என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கேயும் ஒரு மாதமாக அந்தக் கேஸ் கொட்டாய்ப் பேச்சுதான். இருபது வருஷமாகக் கழுதைகூட எட்டிப் பார்க்காத இடத்துக்கு இப்போது வரலாறு வேண்டுமாம். அருணகிரி என்று ஒரு ஹைஸ்கூல் வாத்தியார், ஊர் விழாவுக்கு மலர் அச்சிடுகிறார், நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. வெள்ளைக்காரன் கட்டினது, மில்லுக்கும் கடைவீதிக்கும் விளக்கு எரிக்க, கூட்ஸ் வண்டியில் நிலக்கரி வரும், அதை மூடின அடுப்பில் வேகவைத்தால் கேஸ் பிரியும், அது போய் நிறையும் இரும்புத் தொட்டி பகலெல்லாம் தண்ணீருக்கு மேலே எழும்பி விளக்கு வைத்த பிறகு மெல்ல இறங்கும், மேட்டூர் கரண்ட் வந்ததும் விளக்கெல்லாம் போயிற்று, அப்புறம் மில்லில் நூலின் பிசிறைப் பொசுக்க மட்டும் கேஸ் போனது, அறுபத்திரண்டில் அதுவும் நின்றது, இவ்வளவையும் நான்தான் சொன்னேன். எந்த வருஷம், எத்தனை அடி உயரம் என்று துளைக்கிறார். பத்தொன்பது வருஷம் அடுப்புக்குக் கரி தள்ளினவனைக் கேட்டால் என்ன சொல்வான், எனக்குத் தெரிந்த வரலாறு என் முதுகுவலிதான். ஆனால் அவருக்கு முக்கியமாக வேண்டியது கக்குவான் கதை. கேஸைச் சுத்தம் செய்கிற சுண்ணாம்புப் பெட்டியின் மூடியை வாரம் ஒருநாள் திறப்போம், அழுகின முட்டை மாதிரி குடலைப் புரட்டும் நாற்றம், அதை முகர்ந்தால் கக்குவான் போகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, அம்மாப்பேட்டையிலிருந்தும் குகை வட்டாரத்திலிருந்தும் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேங்காயும் எலுமிச்சம்பழமுமாக வந்து நிற்பார்கள். மற்ற ஆட்களுக்குப் பயம், நான்தான் ஒவ்வொரு பிள்ளையாக வாங்கிப் பெட்டிக்கு மேலே பிடித்துப் பத்து எண்ணிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். கேஸ்காரர் கைராசி என்று பேர். எனக்கும் அதில் தலைக்கனம் வந்துவிட்டது, மறைப்பானேன்.

ஐம்பத்தாறில் உனக்கு ஐந்து வயது, உன் தம்பி மணியனுக்கு இரண்டு. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் கக்குவான் வந்தது. உன் அம்மா அப்போதே, ஏனுங்க, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாமுங்க, பையன் பால்கூடக் குடிக்க மாட்டீங்கறானுங்க என்று அழுதாள். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் நான் வைத்தியன், என் பிள்ளைக்கு ஆஸ்பத்திரியா என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். அந்த வாரம் பெட்டியில் சுண்ணாம்பு மாற்றுகிற வேலை மூன்று நாள் நடந்தது, மூன்று நாளும் உங்களைக் கொண்டுபோய்ப் பிடித்தேன். நீ பெரிய பிள்ளை, தாங்கினாய், நாலைந்து வாரத்தில் தானாகவே இருமல் விட்டது. மணியனுக்கு இருமல் கேட்கவில்லை என்று மூன்றாம் நாள் பத்துக்குப் பதில் முப்பது எண்ணினேன். என் கையிலேயே நீலம் பாரித்துவிட்டான் சாமி. வண்டி பிடித்து ஓடினோம். நாலு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். அவன் போனதை உனக்கும் ஊருக்கும் விஷக்காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன். இது மட்டும் என்றால்கூட அறியாமல் செய்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரமே வேறு பெண்கள் பிள்ளையோடு வந்து நின்றார்கள், மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று வாங்கிப் பிடித்தேன். அதற்குப் பிறகும் ஆறு வருஷம் பிடித்தேன். அதில் எத்தனை பிழைத்தது, எத்தனை போனது, எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் போகவில்லை. பிழைத்த பிள்ளைகளின் தாய்மார்தான் திரும்பி வந்து கும்பிட்டார்கள், மற்றவர்கள் வரவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இருபத்தேழு வருஷமாக அதைப் பற்றி ஒரு சொல் பேசாதவள், நம்ம மணியனுக்கு ஆனது போதுமுங்க, இனியாவது வாயத் தொறந்து சொல்லிப்போடுங்க என்றாள். அவள் சொன்ன பிறகுதான் தந்தி ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்து நேரே அருணகிரி வாத்தியார் வீட்டுக்குப் போய் அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு, மேடையில உங்களுக்குப் பொன்னாடை போடறதா முடிவாயிருச்சுங்களே, இத எப்படிங்க மலர்ல போடறது என்றார். போட்டால் இதைப் போடுங்கள், இல்லாவிட்டால் என் பேரை எடுத்துவிடுங்கள், பொன்னாடை எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டேன். என்ன செய்வாரோ அவர் பாடு. எனக்கு அலுத்துவிட்டது சாரதா, இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு இனி நடக்க முடியவில்லை.

நீ குழந்தையை டாக்டரிடம் காட்டி, கொடுக்கிற மருந்தை இருமல் குறைந்தது என்று பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் கொடு. பால் கக்கினாலும் கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கொடு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு கக்குவான் வராமல் முத்தடுப்பு ஊசி போட்டாயிற்றா என்று கேள், இல்லையென்றால் போடச் சொல். மாப்பிள்ளை லீவு போட முடியாது என்றால் தந்தி அடி, நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறேன். நீங்கள் மூவரும் நூறு வயது நோய்நொடி இல்லாமல் வாழவேண்டும். குழந்தை எப்படி இருக்கிறான் என்று மறக்காமல் உடனே எழுது. என்மேல் கோபம் வரும், வரட்டும், என் பேருக்கு எழுத உனக்குப் பிடிக்காவிட்டால் அம்மா பேருக்கு எழுது. என்னைத் திட்டியும் எழுது. அவளுக்கு நான்தானே படித்துக் காட்டவேண்டும், ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
நாச்சிமுத்து