உள்மாடும் வெளிமாடும்

அக்கா,

மூன்று முறை அலசியும் சட்டையிலிருந்து சாமைத் தூசியின் வாசனை போகவில்லை. ஜவ்வாது மலையில் விளைந்த சாமை முழுவதையும் நான் ஒருவனே அடித்துக் குவித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் சனிக்கிழமை களத்தில் சுற்றியவை இரண்டு மாடுகள். ஓட்டியது நானும் உன் மகளும்.

நீ போன பிறகு அவள் ஹாஸ்டலுக்குத் திரும்பவே இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்கின் மேல் பழியைப் போடுகிறாள். "மையக்கோணம் புரியல மாமா. அது புரிஞ்சா திங்கக்கெழம பஸ் ஏறிடுறேன்."

விடுவேனா? "வட்டத்தைக் கண்டுபுடிச்சவனே எங்கிட்ட சந்தேகம் கேட்டுட்டுதான் போனான்" என்றேன்.

நோட்டைக் காட்டினாள். ஒரே மையம். சின்ன வட்டம், அதைச் சுற்றிப் பெரிய வட்டம். மையத்திலிருந்து கிளம்பிய இரண்டு கோடுகள் இரண்டையும் வெட்டிக்கொண்டு போகின்றன. "எந்த வில்லுக்கு மையக்கோணம் பெருசு?"

"வெளிய இருக்கறதுக்குத்தான்" என்றேன் ராஜகம்பீரமாக.

சொன்ன கணமே உன் சிரிப்பு கேட்டது. நாம் இதே களத்தில் மாடு ஓட்டிய வருடம் நினைவிருக்கிறதா? களத்து நடுக்கம்பத்தை ஒட்டி நடக்கிற உள்மாடு சோம்பேறி, வெளிமாடு பாவம் சென்னைக்கே போய் வருகிறது என்று நியாயம் பேசி, நாலு சுற்றுக்கு ஒருமுறை மாடுகளை இடம் மாற்றிக் கட்டினேன். பக்கம் மாறிய மாடுகள் கதிரை விட்டுவிட்டுக் கயிற்றை மிதித்தன. நீ இடுப்பில் கை வைத்து, "டேய் நியாயஸ்தா, வெளிமாடு நடக்கறதுதான்டா ஜாஸ்தி. திரும்பறது ரெண்டும் ஒண்ணுதான்" என்றாய்.

உன் பேச்சை எடுத்தால் அழுதுவிடுவாளே என்று அதை அவளிடம் சொல்லவில்லை. கம்பத்தில் ஒரு நீள மூங்கில் கழியைக் கட்டினேன். அவள் கம்பத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள், நான் நுனியைப் பிடித்தேன். பாறைப் பக்கமிருந்து புளியமரத்துப் பக்கம் வரை சுற்றினோம். அவள் நாலு எட்டு வைத்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

"கழி ஒண்ணுதானே மாமா. அது எவ்ளோ திரும்புச்சோ அதான் கோணம். நீ சொன்னது தப்பு."

"ஒலகத்துலயே நான் பண்ண மொதல் தப்பு" என்றேன். சிரித்தாள். நீ போன பிறகு முதல் தடவை.

இன்று திங்கட்கிழமை. காலை பஸ் வந்தது. "இன்னா, ஏர்றீங்களா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தவள் எழவில்லை.

"கணக்குதான் புரிஞ்சிடுச்சே கண்ணு?"

"புரிஞ்சிடுச்சி மாமா." தலை நிமிரவில்லை. "சனிக்கெழமன்னா அம்மா வரும். இனிமே நான் யாரப் பாக்க ஹாஸ்டல் கேட்டாண்ட நிக்கிறது?"

"நான் வர்றேன், யானை மேல..." என்று தொடங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயால் மலையையே புரட்டுகிறவன், யானையை அங்கேயே விட்டுவிட்டேன் அக்கா. பஸ் போய்விட்டது.

அவள் நோட்டின் கடைசித் தாளில் இதை எழுதுகிறேன். அடுத்த பஸ் மத்தியானம். அவளுடைய பை இன்னும் என் தோளில்தான் தொங்குகிறது. கனக்கிறது. கீழே வைத்தால், நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்குப் போக எழுந்துவிடுவாள்.