பத்தொன்பதாவது கதவு

மயிலாப்பூர்,
செப்டம்பர் 14, ஞாயிறு.

அன்புள்ள ஜீஷானுக்கு,

நீ நலம் என்று தெரியும். நேற்று மாலை ஐந்து நாற்பது வரை நலமாகவே இருந்தாய். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

போனில் எழுதியிருக்கலாம். ஆனால் நான் முடிப்பதற்குள் நீ பதில் தட்டத் தொடங்குவாய். தட்டுவாய், அழிப்பாய், மறுபடி தட்டுவாய். அந்த மூன்று புள்ளிகள் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்குத் தெம்பில்லை. அதனால் காகிதம். வியாழக்கிழமை மஸ்கட் வரும் யாரிடமோ உன் அம்மி உனக்குத் துணி கொடுத்தனுப்புகிறார். அந்தப் பையில் இதையும் வைக்கச் சொல்லிக் காலையில் ராயப்பேட்டை போய்க் கேட்டேன். வைக்கிறேன் என்றார். என்ன கடிதம் என்று கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

முதலில் நல்ல செய்தி. கம்ப்யூட்டரை அப்கிரேட் செய்துவிட்டேன்.

முடியாது என்று நீ சொன்ன அதே கம்ப்யூட்டர். மூன்று முறை சொன்னாய். முதல் முறை எங்கள் வீட்டில், கவரைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு. இரண்டாவது முறை கோட்டூர்புரம் நூலகத்தின் படிக்கட்டில். மூன்றாவது முறை நீ கிளம்புவதற்கு முந்தின வாரம். வார்த்தைகூட மாறவில்லை. "வேணாம் மச்சி. இந்த போர்டுல எதுவும் ஏறாது. மொத்தமா தூக்கணும். அங்கிள் வாங்கினது, இருக்கட்டும்."

அங்கிள் வாங்கினது. என் அப்பாவை இழுத்தால் நான் மேற்கொண்டு பேசமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் சொர்ணம் என்று ஒரு அக்கா சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். நான்கு திருகைக் கழற்றிவிட்டு, வாயால் ஊதிப் பார்த்தார். ஐந்து வருடத் தூசி. பெட்டியின் பக்கவாட்டில் அம்மா ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் வைத்த சந்தனம், ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தது.

"இன்னா நைனா, கோயில் உண்டியல் மாதிரி கீது."

போர்டு தாங்குமா என்று கேட்டேன்.

"ஏன் தாங்காது? கல்லு மாதிரி கீதே. எவன் சொன்னான் தாங்காதுன்னு?"

"என் பிரெண்ட். அவனுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும்."

அவர் திருப்புளியை வாயிலிருந்து எடுத்தார். "நல்லாத் தெரிஞ்சவன் இத்த சொல்ல மாட்டான்பா."

அப்போதும் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. அவன் சொன்னபோது நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றேன். கம்ப்யூட்டர் போர்டுக்கு என்ன நிலைமை மாறும்.

மாற்றியது நான்கே சாமான்கள். ரேம் இரண்டு மடங்கு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. யாரோ ஒரு வருடம் ஓட்டிய கிராபிக்ஸ் கார்டு. அதற்கு ஈடுகொடுக்கப் பெரிய பவர் சப்ளை. பழைய சப்ளையையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "கார்டு கரண்ட்ட உறிஞ்சும். ஆட்டம் சூடாவும்போது படுத்துக்கினு எந்திரிக்காது" என்றார். போர்டு அதேதான். பெட்டி அதேதான். சந்தனத்தைத் துடைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

முன்பெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டு, பால் வாங்கி வந்து, காபி கலந்து முடிக்கும்போது திரை வரும். உனக்குத் தெரியும். இப்போது பதினொரு விநாடி. அம்மா இரண்டாம் தடவை போடச் சொல்லிப் பார்த்தாள்.

எதற்காகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். வேலை கிடைத்ததும் எனக்காக ஒன்றும் வாங்கத் தோன்றவில்லை. மஸ்கட்டில் உன்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது, ஆபீஸ் லேப்டாப் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு நல்ல மெஷின் இருந்தால், அங்கிருந்து நெட் வழியாக இதிலேயே நீயும் சேர்ந்து விளையாடலாம் என்று படித்தேன். ஒரே மெஷின், ஒரே திரை, பாதி நீ, பாதி நான். மெஷின் மட்டும் வலுவாக இருக்க வேண்டுமாம். அதற்குத்தான் கார்டு. அதற்குத்தான் சப்ளை. நாம் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதற்கு.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கண் நிறைந்துவிட்டது. "நல்ல காரியம்டா. அந்தக் கொழந்தைக்குத் தன்னோடது எரிஞ்சு போனதுலேர்ந்து ஒண்ணுமே இல்லையே."

எரிந்துபோனது.

மூன்று வருடத்துக்கு முன், அந்த அக்டோபர் மழையில், இரவெல்லாம் இடி. மறுநாள் நீ போன் செய்தாய். "வோல்டேஜ் எகிறிடுச்சு மச்சி. மொத்தமும் காலி. போர்டு, கார்டு, எல்லாம் கருகி வாசனை வருது." நான் உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். வேண்டாம், அப்பா கோபமாக இருக்கிறார் என்றாய். அன்றோடு நம் விளையாட்டு நின்றது. விளையாட்டுக்குள், தண்ணீர் புகுந்த அந்த ஊரில், அவரவர் வீட்டிலிருந்தபடி பதினெட்டுக் கதவு திறந்திருந்தோம். நாற்பது கதவு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டும். நீ இல்லாமல் நான் பத்தொன்பதாவதை மட்டுமல்ல, விளையாட்டையே தொடமாட்டேன் என்றேன். தொடவில்லை. ஒரு வருடம் கழித்து ஏதோ அப்டேட் வந்து, என் மெஷினில் அந்த விளையாட்டு திறப்பதே நின்றுபோனது. எனக்கு வருத்தமில்லை. உனக்கு இல்லாதது எனக்கும் வேண்டாம் என்றிருந்தது.

அந்த இடிக்குப் பிறகு அம்மா வானம் இருட்டினாலே எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். மூன்று வருடம். நான் காலேஜ் அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருக்கும்போதும். "ஜீஷானாத்துல என்னாச்சு பாத்தியோல்லியோ."

நேற்று மாலை விளையாட்டை ஏற்றித் திறந்தேன். எதுவும் திணறவில்லை. தண்ணீரில் நிலா விழும் என்று தெரியாது எனக்கு. என் பழைய மெஷினில் தண்ணீர் ஒரு சாம்பல் தகடு. நிலாவை அணைத்துவிட்டுத்தான் அது ஓடும்.

உன் பெயர் நண்பர்கள் பட்டியலில் மேலே இருந்தது. பக்கத்தில் பச்சைப் புள்ளி. யாரோ உன் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். உன்னை எச்சரிக்கப் போனைக்கூடக் கையில் எடுத்தேன். பிறகு உன் பக்கத்தைத் திறந்தேன். எந்தக் கதவை யாரோடு திறந்தாய் என்று அங்கே வரிசையாக இருக்கும், உனக்குத் தெரியுமே. ஒன்றிலிருந்து பதினெட்டு வரை என் பெயர், பரத்வாஜ். பத்தொன்பதில் சஃப்வான். இருபதில் சஃப்வான். நாற்பது வரை உன் பெரியம்மா பையன் சஃப்வான். பிறகு முதலிலிருந்து மறுபடி, யார் யாரோடோ.

பத்தொன்பதாவது கதவு திறந்த தேதி பார்த்தேன். நீ எனக்குப் போன் செய்த அதே நாள். இரவு. கருகிய வாசனை வந்துகொண்டிருந்த கம்ப்யூட்டரில்.

ஐந்து நாற்பதுக்குப் பச்சைப் புள்ளி அணைந்தது.

இந்த வரிசை விளையாட்டுக்குள் போனால்தான் தெரியும். என் மெஷினில் அது திறக்காது. திறக்காமல் இருக்கும்வரை உனக்குப் பயமில்லை. அதற்குத்தான் மூன்று முறையும் சொன்னாய்: இந்த போர்டுல எதுவும் ஏறாது.

ராத்திரி படுத்தபடி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டரை வருடம், அனேகமாக எல்லா ஞாயிறும். எங்கள் வீட்டில் அந்தப் பழைய கார் ரேஸ். அரை மணி நீ, அரை மணி நான். என் முறையில் பாதியை அம்மா உனக்குத் தரச் சொல்வாள். "உனக்குத்தான் தெனமும் இருக்கே. அவனுக்கு ஏது, பாவம்." அடை தின்றுகொண்டே நீ சொல்வாய், "போதும் மச்சி. இதுவே சூப்பரா ஓடுது." திக்கித் திக்கி ஓடும் அந்தக் கார். ஆறு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவாய். எங்கே போனாய் என்று இப்போது தெரிகிறது.

ரம்ஜான். உன் அறைக் கதவு சாத்தியிருந்தது. உன் அம்மி, "உள்ள சாமான் போட்டு வெச்சிருக்கு, இங்கயே உக்காருப்பா" என்று ஷீர் குர்மாப் பாயசத்தைக் கையில் கொடுத்தார். சஃப்வான் அன்றைக்கு என்னைப் பார்த்து எதற்கோ சிரித்தான். உன் அம்மியை நான் என்றைக்கும் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்காகச் சாத்தினார். ஆனால் அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

பிறகு அந்த அட்டைப் பெட்டி. நீ மஸ்கட் கிளம்பிய அன்று. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான், மாடியிலிருந்து டாக்ஸிவரை. "மெதுவா மச்சி, உள்ள அம்மி போட்ட ஊறுகாய் பாட்டில் கீது." ஊறுகாய் இவ்வளவு கனமா என்றேன். "ஒரு வருஷத்துக்கு" என்றாய். நான் சிரித்தேன். என் கைவிரல் சிவந்து போயிருந்தது. ஏர்போர்ட்டில் நான்தான் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினேன்.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இன்று பகல்வரை.

பகலில் பத்தொன்பதாவது கதவுக்குப் போனேன். துணைக்கு யாராவது அன்னியர் வந்தால் போதும் என்று கோபத்தில் கேட்டுவைத்தேன். யாரோ வந்தார். எந்த ஊரோ தெரியாது. நான் கதவின் முன் நின்றேன். திரையில் அந்த வரி வந்தது. மற்றவருக்காகக் காத்திருக்கிறது. இந்த வரியை நான் பார்த்ததே இல்லை ஜீஷான். பதினெட்டுக் கதவிலும் ஒருமுறைகூட. நான் வந்து சேரும்போது நீ எப்போதும் அங்கே நின்றுகொண்டிருப்பாய்.

அந்த ஆளின் மெஷின் மெதுவானது. வட்டம் சுற்றியது. சுற்றியது. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் இப்படி ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று வாய்விட்டே சொன்னேன். வெளியேறிவிட்டேன். மணி பார்த்தேன். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

என் பழைய மெஷின் ஒரு கதவுக்கு எத்தனை நிமிடம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அந்த நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

டப்பா. அந்தச் சொல்லை நீயும் ஒருமுறை சொன்னாய். முதல் வருடம். "இந்த டப்பாவத் தூக்கிப் போடு மச்சி." அப்பா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கடைசியாக வாங்கிய சாமான் அது. பதினாறு நாள் உன்னோடு நான் பேசவில்லை. நீ மாடவீதியில் எனக்காக நின்றுகொண்டிருந்தபோது பார்க்காமல் போனேன். அதற்குப் பிறகு நீ அதைப் பற்றி நல்ல வார்த்தை மட்டுமே சொன்னாய்.

இதைச் சமாதானமாக எழுதவில்லை. உனக்குச் சொல்ல வழியில்லாமல் போயிருக்கலாம். அதற்காக இடியைக் கூப்பிட வேண்டுமா. மெதுவாக இருக்கிறது என்று ஒருமுறை மறுபடி சொல்லியிருந்தால் இன்னொரு பதினாறு நாள் போயிருக்கும். இப்போது மூன்று வருடம் போய்விட்டது, ஒவ்வொரு ஞாயிறும் சேர்த்து. நீ எங்கள் வீட்டுக்கு வந்தது நான் வேண்டும் என்றா, பொய்யைக் கட்டிக்காக்கவா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை. விளையாட்டை யாரோடு வேண்டுமானாலும் முடித்துக்கொள். அடை தின்றது உண்மையா என்று மட்டும் சொல்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் இன்னும் உன்னிடம் கம்ப்யூட்டர் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று மதியம் வானம் இருட்டியது. அவள் எழுந்து பிளக்கைப் பிடுங்கப் போனாள். நான் தடுக்கவில்லை. இதோடு மிளகாய்ப் பொடி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாள். உன் அம்மிக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, படி ஏறும்போது பார்த்தேன். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். போன் செய்யும்போது கேள்.

வருகிற சனிக்கிழமை உனக்கு விடுமுறை. நம் நேரம் நான்கு மணி, உன் நேரம் இரண்டரை. பத்தொன்பதாவது கதவின் இடப்பக்கம் நிற்பேன். நீ அதை எத்தனை தடவை திறந்திருந்தாலும் சரி. எனக்கு அது இன்னும் திறக்கவில்லை. அன்னியர் யாரையும் கூப்பிடமாட்டேன்.

நீ எங்கிருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

நான் முன்னாலேயே வந்துவிடுவேன். இப்போது பதினொரு விநாடிதான். நீ வரத் தாமதமானால் திரையில் அந்த வரி இருக்கும். இருக்கட்டும். முகம் கழுவப் போகமாட்டேன்.

பரத்வாஜ்