காரட் பாத்தி கலைத்த விவரம்

அமராவதி அக்காவுக்கு,

தாவர சாஸ்திரத்தில் இரக்கத்துக்கு இடமில்லை என்பதை, காலேஜில் இரண்டு வருஷம் படித்தவன் என்ற முறையில், உன் தம்பி சேவுகன் இதனால் உறுதி கூறுகிறான்.

நெருங்கி முளைத்த காரட்டில் பாதியைப் பிடுங்கிக் கலைத்தால்தான் மீதிக்குக் கிழங்கு இறங்கும். இதைச் சொன்னதற்குத்தான் நேற்று அவனைப் பார்த்து, "நம்மள நம்பி மொளைச்சதப் பிடுங்கச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனாடா?" என்று கேட்டாய். அவன் பிடுங்கிக் காட்டிய ஒற்றைச் செடியை நீ கொட்டாங்கச்சியில் நட்டுத் தண்ணீர் ஊற்றியபோது, "தொட்டில் கட்டட்டுமாக்கா?" என்று அவன் கேட்டது உண்மை. அதிலிருந்து நீ பேசவில்லை. காலையிலும் பேசாமலே ஆலங்குடிச் சந்தைக்குப் போய்விட்டாய்.

டவுனுக்குக் கிளம்புமுன் பாத்தி முழுவதையும் அவனே கலைத்துவிட்டான். பழைய சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான். மோரை மூடி வைத்திருக்கிறான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ்ஸில் அவன் ஊர் வந்து சேர இருட்டிவிடும். கோபம் தீராவிட்டாலும் சோறு வை.

பி.கு. பாத்தியில் கோழி ஏறாமல் படலைச் சாத்திவை.

இன்னொன்று. அடுப்படியில் கொட்டாங்கச்சி ஒன்றையும் காணோமே என்று தேடாதே. எல்லாம் கிணற்றடி வாழைக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. பிடுங்கி நட்ட காரட் தேறாது என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆனாலும் பொழுது சாயக் கொஞ்சம் தண்ணீர் தெளி. ஊற்றாதே, கையால் தெளி.

உன்னோடதையும் அதுங்களோடயே வச்சிருக்கேன்க்கா. தனியா இருந்துச்சு.