சின்ன ‘ல’ போட்ட முட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஈஸ்டருக்கு லீவு கிடைப்பது சந்தேகம், எனக்காக முட்டைக்குச் சாயம் போட்டு வைக்காதீர்கள் என்று நீ போனில் சொன்னதும் அப்பா வீராப்பாக, அவ இல்லாம முட்டை ஒண்ணுதான் கேடா என்றார். மறுநாளே காய்கறிக் கடைக்குப் போய் சாயம் காய்ச்ச ஒரு பை நிறைய வெங்காயச் சருகோடு வந்து நிற்கிறார். வெங்காயத்த விட்டுட்டு தோலைக் கேக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன் என்று கடைக்காரர் சிரித்தாராம்.

சரி, ஆளுக்கொன்று போதும் என்று இரண்டே முட்டை வேகவைத்தேன். சருகைக் கொதிக்கவிட்டு வடிகட்டி ஒரு கரண்டி வினிகர் ஊற்றி நன்றாக ஆறவைத்தேன், ஒரு வருஷம் சூட்டோடு முக்கி மெழுகு உருகி எழுத்தெல்லாம் ஓடிப்போய் நீ அழுது ஊரைக் கூட்டியது மறக்குமா. வழக்கம்போல மெழுகுவர்த்தித் துண்டால் அவரவர் முட்டையில் அவரவர் பெயரை எழுத வேண்டியது, வெள்ளை ஓட்டில் வெள்ளை மெழுகு, சாயம் ஏறும்வரை யார் என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் தெரியாது. முக்கி வைத்துவிட்டுத் துணி மடித்து வந்து எடுத்துப் பார்க்கிறேன், செம்பழுப்பு ஓட்டில் வெள்ளையாக, ஒன்றில் மிளகு, இன்னொன்றில் மிலகு. சின்னதாக இருந்தாலும் காரம் என்று உனக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர்! பெரிய ‘ள’ போட்டது நான். சின்ன ‘ல’ உன் அப்பா, ஒன்றாம் வகுப்பில் நீ முட்டையில் எழுதினாயே, அதே தப்போடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பாத்தியா, இந்த வீட்டுல நாம ரெண்டு பேரும் இல்ல, அவ மட்டும்தான் இருக்கா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுற்றி வளைப்பானேன், உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. மேலதிகாரியிடம் இன்னொரு தடவை வாய்விட்டுக் கேள், கேட்டால் தலையையா வாங்கிவிடுவார். ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. என் முட்டையை இன்று காலை பாதிப் பாதியாகச் சாப்பிட்டோம். மற்றதைத் தொட அப்பா விடவில்லை, அவளே வந்து தப்பைத் திருத்தட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். நீ எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். லீவு கேட்க மறக்காதே. வேகவைத்த முட்டை ரொம்ப நாள் தாங்காது, கண்ணு.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா