மாலையில்லாமல் இறங்கிய மாடுகள்

அன்பு மகன் வின்செந்துக்கு,

இங்கே அப்பா சுகம், நான் சுகம், தொழுவத்தில் ஒன்று குறைய மற்றதெல்லாம் சுகம். உனக்குச் சளி விட்டதா? இங்கே பனி உருகினால் நியூசிலாந்து, அங்கே உருகினால் இங்கே என்று ஊராருக்குப் பனிச்சறுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வெயிலே படாமல் திரிகிறாய், பனிக்கரடிக்குக்கூட ஒரு கோடை உண்டடா.

குறைந்துபோனது நம் பசு ஷெக்கில்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு நீ பிரசவம் பார்த்தாயே, அவள்தான். போனில் சொல்லாதே, பிள்ளை மனசு கெடும் என்று அப்பா என் வாயைக் கட்டிவிட்டார். குளிர்காலச் சறுக்கு போதாதாம், வருஷம் முழுக்க விருந்தாளி வரவேண்டுமாம், அதற்காக நம் மேய்ச்சலுக்கு மேலே கம்பி கட்டியிருக்கிறார்கள், துவைத்துப் போட்ட காற்சட்டை மாதிரி மனுஷர்கள் அதில் தொங்கிக்கொண்டு கத்திக்கொண்டே போகிறார்கள். ஆகஸ்டில் அப்படி ஒரு கூட்டம் தலைக்கு மேலே கத்த, ஷெக்கில் மிரண்டு ஓடிப் பாறை விளிம்பில் கால் தவறிவிட்டாள். மலையில் ஒரு உயிர் போன வருஷம், கோடை மேய்ச்சல் முடிந்து மந்தை பூமாலை இல்லாமல் வெறும் தலையோடுதான் இறங்கும், இது உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இப்போது மாடு இறங்குவதும் கூடாரம் போட்டு பீர் விற்கிற திருவிழா ஆகிவிட்டதே. மலைக்கு ஆள் ஏற்றுகிற லிஃப்டின் மேலாளர் எகோன் வந்து, "அக்கா, ஒரே ஒரு மாடுதானே? ஆளுங்க எல்லாம் ரூம் போட்டாச்சு, பூவுக்குக் காசு நாங்க குடுத்துடறோம்" என்றான். "உங்கப்பா செத்தன்னிக்கு நீ பூ வச்ச தொப்பி போட்டுக்கிட்டா வந்தே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே உன் அப்பாவிடம் போய்விட்டான்.

பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் மாடுகளை வரவழைத்து மாலை போட்டார்கள். அதுகளுக்கு முன்னால் தோல் நிக்கரும் இறகுத் தொப்பியுமாகக் கோலைப் பிடித்து நடந்தது யார் என்கிறாய், உன் அப்பாதான். "நாலு பேரோட ஒத்துப் போகணும்டி" என்கிறார். நம் மாடுகளைக் கூட்டம் கலைந்தபிறகு ஓட்டி வரச் சொன்னார்கள், நான் கேட்கவில்லை, ஊர்வலம் போகிற அதே நேரத்தில் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலே தனியாக ஓட்டி வந்தேன். வெளியூர்க்காரி ஒருத்தி, "இதுங்களுக்கு ஏன் ஜோடிக்கல, பரிசு கிடைக்கலியா?" என்றாள். "ஆமாம்மா, இதெல்லாம் தோத்துப்போன மாடுங்க" என்றேன், பாவம், ஒன்றைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உன் அப்பாவோடு பேச்சில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள எனக்கு வராது, சிரித்துக்கொண்டே சூப் ஊற்றி வைக்கிறேன், அவருக்கு அதுதான் பயமாக இருக்கிறதாம்.

உன்னையும் சும்மா விடமாட்டேன். என்றைக்காவது வந்து பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதை நம்பித்தான் இத்தனை வருஷம் விடியுமுன் எழுந்தேன். உன் 'என்றைக்காவது' தொழுவம் கழுவாது கண்ணா. மாட்டு வியாபாரி வந்து பல்லைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான், வியாழக்கிழமை வண்டி வருகிறது, எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். கண்ணுக்கு முன்னால் இன்னொன்று விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாதா உன் காலடியைக் காக்கட்டும், எலும்பு முறியாமல் இரு, கம்பளி உள்சட்டையைப் பெட்டியிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுக்காதே. அப்பா போன் செய்தால் வியாழன் கழிகிறவரை மாட்டை விற்பதைப் பற்றி மூச்சு விடாதே. அடுத்த வருஷம் திருவிழாவுக்கு மாடு வேண்டுமென்றால் எகோன் உன் அப்பாவுக்கே மாலை போட்டு இறக்கிக்கொள்ளட்டும்.

உன் அம்மா,
நோட்புர்கா