நல்ல தண்ணீர்க் கிணறும் நான்காம் ஆண்டும்

12 ஓகஸ்ட் 2025, நெடுந்தீவு

படகில் வரும்போதே தலையிடி. பொறியியல் நான்காம் ஆண்டு, ஆறு பேர், கள ஆய்வு. மேய்க்க நான். இந்த நல்ல தண்ணீர்க் கிணற்றில் எவ்வளவு இறைக்கலாம் என்று கணக்கிட வேண்டும். நிலக்ஷன் கிணற்றுக் கட்டில் சாய்ந்துகொண்டே ஆழம் நாற்பது மீற்றர் என்று எழுதினான். நான்குதான். தண்ணீர் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, எட்டிப் பார்க்கவில்லை! கைபேசி கணக்கிட்டதாம்.

"கைபேசி கிணத்துக்குள்ள இறங்கினதோ?" என்றேன். அதையும் குறிப்பில் எழுதப் போனான்.

13 ஓகஸ்ட்

தனுசியா மட்டும் வாய் திறந்தாள். "மிஸ், இந்த ஊராக்களின்ர கயிறு ஏன் இவ்வளவு கட்டை? வாளி மேல்தண்ணியைத்தானே தொடுது. மாக்கிறேற் அக்காவைக் கேப்பமோ?"

மாக்கிறேற் அக்கா கிணற்றுக்கு முன்வீடு, மாடு வளர்க்கிறவர். எனக்கோ வெயில், பசி, இன்னும் பாதி வேலை.

"புதுக்கயிறு வாங்கப் பஞ்சியாக்கும், சோம்பேறியள். பட்டியலில இருக்கிறதை நீர் செய்யும்."

14 ஓகஸ்ட்

மோட்டர் போட்டு ஆறு மணித்தியாலம் இறைத்தோம். என் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஆறு பேரும் ஒரு கேள்வி இல்லாமல் இலக்கம் எழுதினார்கள். ஆட்டு மந்தை.

15 ஓகஸ்ட்

கிணறு உவர்த்துவிட்டது.

மாக்கிறேற் அக்கா செம்பை நீட்டினார். "பிள்ளை, குடிச்சுப் பாரும்." உப்பு. "நல்ல தண்ணி மேலதான் நிக்கும். கீழ கடல். கயிறு கட்டையா வைக்கிறதே அதுக்குத்தான். எட்டாட்டி அண்டைக்கு அள்ளுறேல்லை. ஒரு சொல் கேட்டிருக்கலாமே."

இருபத்திரண்டு வீடு குடிக்கிற கிணறு. மழை வரும்வரை மாறாதாம். உப்புநீருக்கு மேல் நன்னீர் மிதப்பதை நானே மூன்றாம் ஆண்டுக்குப் படிப்பிக்கிறேன், படமும் கீறி. என்ன செய்துபோட்டன்? — இல்லை, மோட்டரைப் போட்டது நிலக்ஷன். பிறகேன் எனக்கு நெஞ்சு இடிக்குது?

19 ஓகஸ்ட், யாழ்ப்பாணம்

புள்ளித்தாள். "விமர்சனச் சிந்தனை, பத்துக்கு." எல்லோருக்கும் இரண்டு. தனுசியாவுக்கும் இரண்டு. ஒருக்கால் கேட்டவள் இன்னொருக்கால் கேட்டால் வாயா தேய்ந்துவிடும்?

22 ஓகஸ்ட்

கிணற்றடிக்குப் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுபோகிறார்களாம். சாப்பிட மனமில்லை.

27 ஓகஸ்ட்

நிலக்ஷன் அறிக்கையைக் கொண்டுவந்தான். நான் கையெழுத்துப் போட்டால் பொறியியல் பீடாதிபதிக்குப் போகும். என் நிரந்தர நியமனமும் அடுத்த மாதம் அதே மேசைக்குத்தான் போகிறது.

"மிஸ், உதில ஒரு பந்தி இருக்கு... எடுத்துவிடட்டோ?"

"ஆர் எழுதினது?"

"தனுசியா. ஆனா நாங்கள் எல்லாரும் ஓம் எண்டனாங்கள்."

வாசித்தேன். 'கிணறு உவர்த்ததற்குக் காரணம்: ஊரவரிடம் கேட்கலாமா என்று ஒரு மாணவி கேட்டார். மேற்பார்வையாளர் மறுத்தார். அதன்பின் எங்களில் எவரும் கேட்கவில்லை.'

சிவப்புப் பேனையை எடுத்தேன். எங்காவது ஒரு பிழை இருக்கும் என்று மூன்று தரம் வாசித்தேன். நான்கு வருடத்தில் இவர்கள் பிழையில்லாமல் எழுதிய முதல் பந்தி, அதுவும் என்னைப் பற்றி.

"ஒண்டும் எடுக்க வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டேன். சிவப்புப் பேனையாலேயே போட்டுவிட்டேன். தொலைந்துபோவான், பார்த்துக்கொண்டுதான் நின்றான்.