சுவரில் பாக்கி நின்ற கை

இன்றைக்கு ஷெட்டில் பெயிண்ட் கலக்கும்போது, வெள்ளை மிச்சமிருந்த டப்பாவில் கவனமில்லாமல் ரெட் ஆக்சைடை ஊற்றிவிட்டேன். குச்சியால் ஒரு சுற்று சுற்றியதும் அந்த நிறம் வந்துவிட்டது. நீ ‘ஏசு தோலு’ என்று பேர் வைத்த நிறம். மெட்டீரியலை வீணடிக்கிறாயா என்று சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். அதைக் கொட்ட மனசு வரவில்லை.

உனக்குப் படம் போட வரும் என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கம்பெனியில் செய்கிற இரும்பு டேங்குக்குள் புகுந்து பெயிண்ட் அடிக்கிற இன்னொரு ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போது, பையிலிருந்து ஒரு பழைய காலண்டர் தாளை எடுத்துக் காட்டினாய். இத்தாலியில் ஏதோ ஒரு கோயில் சுவரில் பல நூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த படமாம். சிலுவையிலிருந்து இறக்கிய ஏசு தாய் மடியில் கிடக்கிறார். தாள் முழுக்கப் பென்சிலில் கட்டம் போட்டிருந்தாய். அதைப் பெரிதாக்கி உங்கள் காலனிக் கோயிலில் பீடத்துக்குப் பின்னால், சுவர் முழுக்கப் போடப் போவதாகச் சொன்னாய்.

அந்த ஊரில் ஈரச் சுண்ணாம்பின் மேல், அது காய்வதற்குள் வரைந்து முடிப்பார்களாம். நம் ஊர் உப்புக் காற்றுக்குச் சுண்ணாம்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்பதால், டேங்குக்கு அடிக்கிற எபாக்சி பெயிண்டையே எடுத்துக்கொண்டாய். “இதுவும் கலந்தா இறுகறதுக்குள்ள முடிச்சாவணும். ரெண்டும் ஒரே பேஜாருதான்டா” என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கலந்து கொடுக்க நான் வந்துவிடுவேன். கட்டம் கட்டமாகத் தாயின் முகம் வந்தது, அழுகிற பெண்கள் வந்தார்கள். ஏசுவின் வலது கை மட்டும் வரவில்லை. காலண்டர் தாளில் அந்த இடம் மடிப்போடு கிழிந்து போயிருந்தது. என் சட்டையைக் கழற்றி பெஞ்சில் படுக்கச் சொன்னாய். நாகாத்தம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவனை ஏசுவாக்குகிறாயே என்றேன். டீ கொண்டுவந்த உன் மனைவி ஸ்டெல்லா, “இன்னாண்ணா, ஏசுவுக்கு இம்மாந் தொப்பையா” என்று சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. என் கையைத் தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

“இது உசுரோட கீற கைடா. வுடுன்னா வுட மாட்டேங்குது.”

நான் எவ்வளவு முயன்றும் கை செத்ததாக நடிக்கவில்லை. வாரா வாரம் வரைந்து வாரா வாரம் துடைத்தாய். கடைசியில் தோளோடு நிறுத்திவிட்டாய்.

அப்புறம் அந்த டேங்க் வந்தது. உள்ளிருந்து புகையை இழுக்கிற ஃபேன் ரிப்பேர். லாரி காத்திருக்கிறது, முடித்துவிட்டு வா என்று உன்னை இறக்கினார்கள். நான் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கயிற்றை ஆட்டினேன். பதிலுக்கு நீ ஆட்டவில்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நான் இறங்கியதும், உன்னை டேங்கின் வாய் வழியாக மேலே தள்ளியதும் அரைகுறையாகத்தான் ஞாபகம். டேங்கை ஒட்டின பிளாட்பாரத்தில் உன்னை என் மடியில் போட்டுக்கொண்டேன். உன் வலது கை சரிந்து கீழே விழுந்தது. பார்க்க வேண்டாம் என்றாலும் கண் அங்கேதான் போனது. நீ தேடியது அதுதான்.

மாஸ்க் போடாமல் தானாகவே உள்ளே போனான் என்று கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள். அங்கே மாஸ்க் பீரோவை விட்டு வெளியே வருவது ஆடிட் நாளில் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைத் துணி சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். ஸ்டெல்லா பார்த்தது முகம் மட்டும். கடைசியில் எப்படி இருந்தார் என்று அவள் கேட்காத ஆள் இல்லை. தூங்குகிற மாதிரி இருந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதற்கப்புறம் என்னிடம் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளிக்குள் சுவரை முடிக்க ஃபாதர் மீஞ்சூரிலிருந்து ஒரு ஆர்ட்டிஸ்டைக் கூட்டி வந்தார். நல்ல பையன். கிழிந்த தாளைப் பார்த்துவிட்டு, கை மேல் ஒரு துணி போர்த்தின மாதிரி வரைந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றான். ஃபாதரும் சரி என்றார். ஸ்டெல்லா எழுந்து நின்றாள்.

“மூட வேணாம் ஃபாதர். மூடி மூடித்தான் குடுத்தாங்க.”

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் என்னால் சும்மா உட்கார முடியவில்லை.

நான் சொல்லச் சொல்ல அவன் போட்டான். முதலில் தோள் இறங்கும் என்றேன். முழங்கை வெளிப்பக்கம் திரும்பும். விரல் மூடியும் இருக்காது, விரிந்தும் இருக்காது. கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும். தப்பு என்றபோதெல்லாம் தின்னர் தொட்டுத் துடைத்தான். எப்படி அண்ணே இவ்வளவு கரெக்டா சொல்றீங்க என்று கேட்டான். கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் மடக்கு என்றேன். கை முடிந்ததும் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

ஸ்டெல்லா சுவர் பக்கத்தில் வந்து நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இப்டித்தான் இருந்தாராண்ணா?”

“ஆமாம்மா.”

அவள் தன் கையை நீட்டி, அந்தக் கைக்கு அடியில், சுவரில் படாமல் ஏந்திக்கொண்டாள். கை கடுக்கும் வரைக்கும் அப்படியே நின்றாள். கடுத்தபோது மற்றக் கையைக் கொடுத்தாள்.

உன் கை ரொம்பக் கனம்டா. நான் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அவளும் தூக்குகிறாள்.